44ஏடி: செஞ்சிக் கடைக்காரருக்கு ஓர் உரை

செஞ்சியில் திருவண்ணாமலை சாலையோரம் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கும், கோட்டை பார்க்க வருவோரை நம்பி டிபன் கடை நடத்துபவருக்கும் வருமான வரிச் சட்டத்தில் மிகவும் வேண்டப்பட்ட பிரிவு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஏடி: விற்றுவரவில் குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்டி வரி கட்ட விடும் பிரிவு. 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண் மாறுகிறது; சாரம் பெரும்பாலும் அதுவே. பழகிய எண்ணிலேயே பொருள் சொல்கிறேன்.

‘தகுதியுள்ள வணிகம்’ என்றது, இங்கே வசிக்கும் தனிநபரோ, இந்துக் கூட்டுக் குடும்பமோ, பங்குதாரர் நிறுவனமோ நடத்தும் வியாபாரத்தை. ஆண்டு விற்றுவரவு 2 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும்; ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை போகலாம். லோடு வண்டி வைத்திருப்போருக்கு 44ஏஇ, டாக்டர், வக்கீல் போன்றோருக்கு 44ஏடிஏ என்று தனிப் பிரிவுகள் உண்டு.

நம்மூரில் உற்றுப் பார்க்க வேண்டிய விலக்கு வேறு. தரகு, கமிஷன் பெறுபவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தன் காசைப் போட்டு நெல் வாங்கி விற்பவர் இதற்குள் வருவார். அடுத்தவர் நெல்லை விற்றுக்கொடுத்து மூட்டைக்கு இவ்வளவு என்று வாங்குபவர் வரமாட்டார். இரண்டையும் செய்பவர்? சட்டத்தின் சொற்படி, கமிஷன் ஈட்டும் ஆளுக்கே விலக்கு. அவர் முறையான கணக்குப் புத்தகத்தோடு ஆடிட்டரைப் பார்ப்பதுதான் பத்திரம்.

‘எட்டு சதவீதம்’: விற்றுவரவில் இவ்வளவு லாபம் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. காசோலை, யுபிஐ போன்ற வழிகளில் வந்த தொகைக்கு 6 சதவீதம். ஆண்டு வியாபாரம் 30 லட்சம், அதில் யுபிஐ 20, ரொக்கம் 10 என்றால், 1,20,000-உம் 80,000-உம் சேர்ந்து 2 லட்சம் லாபம். வாடகை, கரண்ட் பில், ஆள் கூலி, தேய்மானம் எல்லாம் இதற்கு முன்பே கழிந்துவிட்டன. மறுபடி கழிக்க இடமில்லை.

‘அல்லது ஈட்டியதாகச் சொல்லும் அதற்கு மேற்பட்ட தொகை’: பலர் தாண்டிப் போய்விடும் இடம். 8 என்பது குறைந்தபட்சம். கையில் 15 சதவீதம் நின்றவர் 15 காட்டுவதே முறை என்பது என் உறுதியான கருத்து. நாளை வீட்டுக் கடனுக்குப் போனால் வங்கி கேட்பதும் இந்த ரிட்டர்னைத்தான்.

‘கணக்குப் புத்தகம் தேவையில்லை’ என்ற சலுகையைத்தான் நம் ஆட்கள் அதிகம் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். சதவீதம் போட விற்றுவரவு தெரிய வேண்டும். தினசரி விற்பனையை எழுதாதவருக்கு அது எப்படித் தெரியும்? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. வரிவிலக்குள்ள பால், காய்கறி விற்றவர்களும் அதில் அகப்பட்டார்கள். பெங்களூரில் சில கடைகள் கியூஆர் அட்டையையே எடுத்துவிட்டன. அட்டையை எடுப்பதால் பயனில்லை. கைமாற்று, சீட்டுப் பணம், மாமனார் அனுப்பியது எல்லாம் கடை வரவோடு ஒரே வங்கிக் கணக்கில் கலந்து கிடந்தால் எது வியாபாரம் என்று எவரிடமும் நிரூபிக்க முடியாது. கடைக்கென்று தனிக் கணக்கு, அன்றாட விற்பனைக்கு ஒரு நோட்டு, கொள்முதல் பில்களுக்கு ஒரு ஃபைல். இந்த மூன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்.

முன்கூட்டிய வரி கட்டவேண்டி வந்தால் நான்கு தவணை இல்லை. மார்ச் 15-க்குள் ஒரே தடவை.

கடைசியாக ‘ஐந்தாண்டு’ நிபந்தனை. இந்த வழியில் ஓராண்டு லாபம் காட்டிவிட்டு, அடுத்த ஐந்தாண்டுக்குள் ஒருமுறை விலகினால், அதற்குப் பின் ஐந்தாண்டு திரும்பி வர முடியாது. மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் அக்காலத்தில் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். பெருமழையில் சரக்கு நனைந்து நட்டப்பட்டவர்தான் விலக நினைப்பார். அந்த நட்டத்தைக் காட்ட அவருக்கு ஏப்ரலிலிருந்தே எழுதிய கணக்கு வேண்டும். மார்ச்சில் உட்கார்ந்து எழுதியது நிற்காது.