ஒபி, கோர்செட், மருதமுனைச் சீலை

எங்கட கூட்டத்தில் ஒருத்தி தையல்காரி. பெருநாள் நெருங்கினால் அவளுக்கு விரிவுரையும் இல்லை, நித்திரையும் இல்லை. போன மாதம் அவள்தான் அந்தப் போட்டோவைக் காட்டினாள்: வெளிநாட்டில் யாரோ கையால் தைத்த ஒரு கோர்செட். துணி, ஜப்பான் பெண்கள் கிமோனோவுக்கு மேலே இடுப்பில் சுற்றிக் கட்டும் பழைய ஒபி. கறுப்புப் பட்டில் தங்க நூல் கொக்குகள். "எங்கட மூத்தம்மாட மருதமுனைச் சீலையில இப்படி ஒண்டு தைச்சா என்ன?" என்று கேட்டாள். அந்தச் சீலையின் கரை கிழிந்து, அது அலுமாரியில் சும்மாதான் கிடக்கிறது. வெட்டலாமா, கூடாதா? சண்டை அங்கேதான் தொடங்கியது. இந்தக் கட்டுரையும் அங்கே இருந்துதான் வந்தது.

முதலில் ஒபி. அகலம் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றர், நீளம் நாலு மீற்றருக்கும் மேல். கோர்செட்டின் உயரமும் கிட்டத்தட்ட அந்த அகலம்தான். துணியும் தடித்தது, இலேசில் இழுபடாது. அதனால்தான் தையல்காரர்களுக்கு அதில் ஆசை. தையலைப் பிரித்து, உள்துணியைக் கழற்றி, வளைவு வளைவான துண்டுகளாக வெட்டுவார்கள். இழுவையைத் தாங்க அடியில் உறுதியான பருத்தித் துணி வைத்து, இடையிடையே உருக்குக் கம்பி செருகி, முதுகுப் பக்கம் கண்ணிகளில் நாடா கோத்து இறுக்குவார்கள்.

இரண்டும் இடுப்புக்கு உரியவைதான், ஆனால் வேலை வேறு. ஒபியைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள், அவிழ்த்தால் அது மீண்டும் ஒரு நீளத் துணி. கிமோனோவையும் நேர்கோட்டில்தான் வெட்டுவார்கள். தையலைப் பிரித்து, கழுவி, திரும்பத் தைப்பது அங்கே பழைய வழக்கம். நைந்தால் பிள்ளையின் உடுப்பு, அதுவும் நைந்தால் துடைக்கும் துணி. கோர்செட் அப்படி இல்லை. வளைத்து வெட்டிய துண்டு திரும்பவும் முழுத் துணி ஆகாது. எங்கட சீலையும் ஒபியின் பக்கத்தைச் சேர்ந்ததுதான்: வெட்டாமல் உடுத்துகிற துணி.

அப்படியென்றால் வெட்டுவது பாவமா? வரலாற்றைத் தேடிப் பார்த்தால் அவ்வளவு இலேசாகச் சொல்ல முடியாது.

நல்ல ஒபிகள் பல கியோட்டோவின் நிஷிஜின் பகுதியில் நெய்யப்படுகின்றன. 1872இல் அங்கிருந்து மூன்று பேர் பிரான்ஸின் லியோன் நகருக்குப் போய் ஜக்கார்ட் தறியைக் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவர் திரும்பி வரும் வழியில் கப்பல் மூழ்கி இறந்தார். பிரெஞ்சுத் தறியில் வளர்ந்த ஜப்பான் துணிதான் இன்று ஐரோப்பியக் கோர்செட் ஆகிறது. "சுத்தமான" துணி என்று எதைச் சொல்வது?

இன்னும் பின்னால் போனால் எங்கட கடலுக்கே வந்துவிடுகிறோம். 1641இலிருந்து நாகசாகியின் தெஜிமா தீவில் மட்டும் ஒல்லாந்தருக்கு வியாபாரம் செய்ய இடம் இருந்தது. அவர்களின் கப்பலில் போன சரக்கில் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும் ஒன்று. பழவேற்காடும் நாகப்பட்டினமும் அப்போது அவர்களின் கோட்டைகள். அந்தக் கோடு போட்ட துணிக்கு ஜப்பானியர் வைத்த பெயர் "சான்தோமே". மயிலாப்பூர் சாந்தோமின் பெயர்தான் அது! பிறகு ஜப்பானிலேயே அதைப் போல நெய்தார்கள், அதற்கும் அதே பெயர். துறையின் பெயர் தங்கியது, நெய்தவர் யாரென்று ஒரு பெயரும் தங்கவில்லை.

மறுபக்கம் பாருங்கள். ஷோகன் ஒல்லாந்தத் தூதர்களுக்குப் பரிசாகக் கொடுத்த பட்டு அங்கிகளுக்கு நெதர்லாந்தில் பெரிய மவுசு. கிடைப்பதோ கொஞ்சம். அதனால் அதே வெட்டில் சோழமண்டலத்து அச்சுச் சீத்தைத் துணியில் அங்கி தைத்தார்கள். கிமோனோவின் வடிவம், தமிழ்க் கரையின் துணி, ஒல்லாந்தனின் உடம்பு. ஐரோப்பியப் பெண்கள் அதே சீத்தையை வெட்டி ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்தார்கள். உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பிரான்ஸ் 1686இல் அதைத் தடை செய்தது. தடை 1759 வரை நீண்டது.

அந்தக் கரையின் புடைவை மரக்காயர்களின் தோணிகளில் இலங்கைக்கும் வந்தது. சம்பான் ஓடங்கள் வந்து நின்ற துறைதான் சம்மாந்துறை என்று எங்கட ஊரில் சொல்வார்கள். துணி கடல் கடப்பதும், போன இடத்தில் வெட்டப்படுவதும் எங்களுக்குப் புதினமில்லை.

ஆகவே வெட்டுவதால் மட்டும் ஒரு துணி அழிந்துபோவதில்லை. நெய்த கையின் அடையாளம் அறுந்துபோவதுதான் எங்களுக்கு உறுத்துகிறது. நிஷிஜின் ஒபிகளின் முனையில் நெசவாளர் சங்கத்தின் அடையாளச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் உள்ள இலக்கத்தை வைத்து எந்த நெசவு வீடு என்று கண்டுபிடிக்கலாம். கோர்செட் வெட்டும்போது அந்த முனை கழிவுத் துண்டுகளோடு போய்விடலாம். பிறகு விற்பவர் எழுதுவது "பழைய ஜப்பான் பட்டு" என்று மட்டும்தான்.

மூத்தம்மாவின் சீலையில் அந்த இலக்கம்கூட இல்லை. கல்முனைக்குப் பக்கத்தில் மருதமுனை, எங்களுக்கு பஸ்ஸில் போகிற தூரம். சாரனும் சீலையும் நெய்த ஊர். 2004 சுனாமி அந்தக் கரையில் வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோனது. "மருதமுனைச் சீலை" என்கிறோம், "சான்தோமே" என்பதைப் போலவே. நாங்களும் ஊரின் பெயரை வைத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டோம்.

கடைசியில் மூத்தம்மாவிடமே கேட்டோம். கோர்செட் போட்டோவைப் பார்த்துச் சிரித்தா. "மூச்சு விடேலாத சட்டைக்கு என்ட சீலையா? ஒரு கைப்பை தை புள்ள, மார்க்கட்டுக்குக் கொண்டுபோவன்" என்றா. யாரிடம் வாங்கியது என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து விற்ற பெண்ணின் பெயர் அவவுக்கு நினைவில் இருந்தது. தறி எந்த ஒழுங்கையில் இருந்தது என்பதும் நினைவில் இருந்தது. அந்தக் குடும்பத்திடம் கேட்காமல் பெயரை இங்கே எழுதவில்லை.

அடுத்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மருதமுனை போகிறோம். சீலையை அதுவரை வெட்டவில்லை. பெயர் போடச் சம்மதம் கிடைத்தால் பையின் உள்பக்கத்தில் அதை நூலால் தைப்பதாகத் தையல்காரி ஒத்துக்கொண்டிருக்கிறாள். உங்கட வீட்டு அலுமாரியிலும் ஒரு மருதமுனைச் சீலை கிடக்கலாம். கத்தரிக்கோல் எடுக்க முதல், அது யாருடைய தறி என்று உம்மாவிடம் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.