குர்துபாப் பெரும்பள்ளியைக் காணச் செல்வோருக்கு

பழம்பெரும் பள்ளிவாசல்களைக் காணும் ஆர்வம் நம்மிடையே வளர்ந்து வருகிறது. ஹஜ், உம்ராப் பயணங்களுக்கு நம்மவர் செய்யும் ஆயத்தத்தை யாவரும் அறிவர். செய்ய வேண்டியவற்றைக் கற்று, ஒவ்வோர் இடத்தின் வரலாற்றையும் கேட்டறிந்த பின்னரே அவர்கள் புறப்படுகின்றனர். ஆயின் பிற வரலாற்றுத் தலங்களுக்குச் செல்லும்போது பயணச்சீட்டும் தங்குமிடமும் உறுதியானால் ஆயத்தம் முடிந்துவிட்டதாகக் கருதுகிறோம். ஸ்பெயின் நாட்டின் குர்துபா நகரிலுள்ள பெரும்பள்ளிக்குச் செல்வோருக்கு இந்த ஆயத்தம் போதாது. அங்கு எதைக் காண்பது என்பதைப் போலவே, எந்த மனநிலையுடன் காண்பது என்பதும் முன்னரே தெளிய வேண்டிய ஒன்றாகும்.

குர்துபாவை இன்று கோர்தொபா என்று வழங்குகின்றனர். மத்ரீதிலிருந்து அதிவேகத் தொடர்வண்டியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் இந்நகரை அடையலாம். இஷ்பீலியா எனப்பட்ட செவில்லிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது அங்கு வழக்கம். ஆகவே இளவேனிலும் இலையுதிர் காலமும் ஏற்றவை. ஞாயிறு முற்பகலிலும் கிறித்தவத் திருநாள்களிலும் வழிபாடு நடைபெறுவதால் பார்வை நேரம் சுருங்கும். வார நாள்களில் காலை 8.30 முதல் 9.30 வரை கட்டணமின்றி அமைதியாகப் பார்க்க விடுவது பல்லாண்டு வழக்கம். புறப்படுமுன் இதனை உறுதி செய்துகொள்க. கூட்டமில்லாத அந்த நேரமே தூண்களைக் காணச் சிறந்தது.

கட்டடத்தைப் படிக்கும் முறை

இப்பள்ளி ஒரே காலத்தில் எழுந்ததன்று. இருநூறு ஆண்டுகளில் நான்கு கட்டங்களாக வளர்ந்தது. அவ்வரிசையிலேயே நடந்து சென்றால், கட்டடமே ஒரு வரலாற்று நூலாக விரியும்.

அப்பாசியரின் வாளுக்குத் தப்பி வந்த உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான் அத்தாகில் 756இல் குர்துபாவில் ஆட்சியமைத்தார். அவர் ஹிஜ்ரி 169-170ஆம் ஆண்டுகளில், அதாவது 785-786இல், இப்பள்ளியைத் தொடங்கினார். வடபுறமுள்ள ஆரஞ்சு மர முற்றத்தின் வழியே உள்ளே நுழைவோர் முதலில் காண்பது அவர் எழுப்பிய பகுதியே. முற்றத்தின் தளத்தைச் சற்று உற்று நோக்கின், அவருடைய மைந்தர் ஹிஷாம் கட்டிய முதல் மினாராவின் அடித்தள எல்லை கற்களால் குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

உள்ளே தூண்கள் ஒன்றுக்கொன்று ஒத்திரா. ரோமர், விசிகோத்தியர் காலத்துக் கட்டடங்களின் தூண்களையும் போதிகைகளையும் எடுத்து ஆண்டதே அதற்குக் காரணம். அத்தூண்கள் குட்டையானவை. கூரையை உயர்த்த வேண்டித் தூணின்மேல் ஒரு கல்தூண் நிறுத்தி, கீழும் மேலுமாக இரண்டு வளைவுகளை அமைத்தனர். கீழ்வளைவு தூண்களைப் பிணைத்து நிறுத்துகிறது. தடித்த மேல்வளைவு கூரையையும், மழைநீரை வெளியேற்றும் கால்வாயையும் தாங்குகிறது. செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அமைந்த வளைவுகளின் அழகு, இவ்வாறு ஒரு நடைமுறைத் தேவையிலிருந்து பிறந்ததாகும். ரோமர் விட்டுச் சென்ற நீர்ப்பாலங்கள் இவ்வமைப்புக்கு வழிகாட்டியிருக்கலாம் என்பது கலை வரலாற்றறிஞர் பலரின் கருத்து.

ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் அப்துர் ரஹ்மான் பள்ளியைத் தெற்கே நீட்டினார். 961இல் கலீஃபாவான இரண்டாம் அல்ஹகம் மேலும் தெற்கே விரிவாக்கினார். இவருடைய பகுதியில் பழைய தூண்களுக்கு இடமில்லை. இளஞ்சிவப்பும் கருநீலமுமான புதிய தூண்கள் ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கின்றன. இதன் முடிவில் அமைந்திருப்பதே புகழ்பெற்ற மிஹ்ராப். பைசாந்தியப் பேரரசரிடமிருந்து கைவினைஞரும் வண்ணக் கண்ணாடித் துண்டுகளும் வரவழைக்கப்பட்டதாக இப்னு இதாரி குறிப்பிடுகிறார். மிஹ்ராபின் வாயிலைத் தாங்கும் நான்கு சிறு தூண்கள் இரண்டாம் அப்துர் ரஹ்மானின் மிஹ்ராபிலிருந்து எடுத்து வைக்கப்பட்டவை. முன்னோரின் பணியை அழிக்காது அதனைத் தம் பணியின் நடுவே வைத்துப் போற்றிய பண்பு இது. கூஃபி எழுத்துக் கல்வெட்டில் அல்ஹகமின் பெயரும் ஹிஜ்ரி 354ஆம் ஆண்டும் உள்ளன. அரபு கற்ற மாணவர்கள் இக்கல்வெட்டின் வாசகத்தை முன்னரே படித்துச் சென்றால், பொன்னிறக் கோடுகள் சொற்களாக மாறும் இன்பத்தைப் பெறுவர்.

இம்மிஹ்ராப் மக்காவின் சரியான திசையை நோக்கியதன்று. அதனினும் தெற்கே சாய்ந்துள்ளது. வானியல் வளர்ந்திருந்த அல்ஹகமின் காலத்தில் திசையைத் திருத்த வேண்டுமா என்ற விவாதம் எழுந்ததையும், முன்னோர் தொழுத திசையை விட மனமின்றி அதுவே நிலைநிறுத்தப்பட்டதையும் அரபு வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன.

இறுதி விரிவாக்கம் அல்மன்சூருடையது. 987-988இல் கிழக்கே எட்டுப் பத்திகளைச் சேர்த்தார். தெற்கே ஆறு குறுக்கிட்டமையால் பள்ளி பக்கவாட்டில் பெருகியது. மிஹ்ராப் நடுவிடத்தை இழந்தது. இங்கே வளைவுகளின் சிவப்பில் பெரும்பகுதி செங்கல்லன்று, கல்லின்மேல் தீட்டிய வண்ணம். விரைவும் அளவும் பெருகியபோது நுட்பம் குறைந்ததைக் கண்ணால் காணலாம். அல்மன்சூருக்குப் பின் ஒரு தலைமுறைக்குள், 1031இல், கிலாஃபத்தே மறைந்தது.

மணிகளின் வரலாறு

997இல் அல்மன்சூர் வடமேற்கே சந்தியாகோ நகரைத் தாக்கினார். அங்கிருந்த தேவாலய மணிகள் கிறித்தவக் கைதிகளின் தோள்களில் குர்துபாவுக்கு வந்து, பள்ளியின் விளக்குகளாயின. 1236 ஜூன் 29ஆம் நாள் மூன்றாம் ஃபெர்னாந்தோ மன்னர் குர்துபாவைக் கைப்பற்றியதும், அம்மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோள்களில் சந்தியாகோவுக்குத் திரும்பின. இரு பக்கத்து வரலாறுகளும் இதனைக் கூறுகின்றன. முதல் பாதியைப் பெருமையோடும் இரண்டாம் பாதியைக் கண்ணீரோடும் நாம் படிக்கலாகாது. சுமந்த தோள்களுக்கு இரண்டும் ஒன்றே. நீதி என்பது இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதாகும்.

அதே நீதி வேறொன்றையும் நினைவூட்டுகிறது. பள்ளி தேவாலயமாக்கப்பட்டதெனினும் இடிக்கப்படவில்லை. 1523இல் ஆயர் அலோன்சோ மன்ரிக்கே நடுவே பல தூண்களை அகற்றிப் பெருந்தேவாலயம் எழுப்ப முனைந்தபோது, எதிர்த்து நின்றது குர்துபாவின் கிறித்தவ நகர மன்றமே. வேலை செய்வோருக்கு மரண தண்டனை என்று அது முரசறைவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்லசின் இசைவால் ஆயரே வென்றார். ஆயினும் இன்றும் 850க்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன. உமையாக்களின் மினாரா பின்னாளில் மணிக்கோபுரத்தினுள் பொதியப்பட்டு இன்னும் உள்ளே நிற்கிறது. சமயத்தால் மாறுபட்டோர் ஒரு பள்ளியின் அழகுக்காக வழக்காடினர் என்ற செய்தி, ஸ்பெயினை வெறுப்போடு மட்டும் நினைப்போர் அறிய வேண்டியது.

தொழுகை பற்றி

இனி, நம்மவரின் உள்ளத்தை வருத்தும் வினா. அங்கே தொழலாமா? அனுமதியில்லை. அல்லாமா இக்பால் 1933இல் அங்கே தொழுததையும், அப்பயணத்தில் பிறந்த நெடுங்கவிதை ‘பாலே ஜிப்ரீல்’ தொகுப்பில் இடம்பெற்றதையும் அறிந்தோர், அவ்வாய்ப்பு நமக்கும் கிட்டும் என்றெண்ணலாகாது. 2006இல் ஸ்பெயின் முஸ்லிம் அமைப்பொன்று பொதுத் தொழுகைக்கு அனுமதி வேண்டியது, மறைமாவட்டம் மறுத்தது. 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த முஸ்லிம் பயணியர் சிலர் உள்ளே தொழ முயன்றமை காவலருடன் கைகலப்பில் முடிந்தது. கட்டடத்தின் உரிமை குறித்த வாதமும் அந்நாட்டினரிடையே நடந்து வருகிறது. அவ்வழக்கை அந்நாட்டினர் தீர்த்துக்கொள்வர். விருந்தினராகச் செல்லும் நாம் பூசலுக்கு வித்திடுவது அழகன்று. மிஹ்ராபின் முன் நின்று உள்ளத்தால் ஓதுவதை எவரும் தடுக்க இயலாது. பூமி முழுவதும் தொழுமிடமாக்கப்பட்ட சமுதாயம் நாம். பயணத் தொழுகைக்குரிய சலுகைகளைத் தத்தம் மத்ஹபின்படி முன்னரே தெரிந்துகொள்க. நகரின் கொலோன் சதுக்கப் பூங்காவில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது மொரோக்கோ வீரர்களுக்காகக் கட்டப்பட்ட சிறு பள்ளி ஒன்றும் உண்டு.

பள்ளியைக் கண்டபின் மேற்குச் சுவரை வெளியே சுற்றி வருக. சான் எஸ்தெபான் எனப்படும் பழைய அமைச்சர் வாயிலில் ஹிஜ்ரி 241ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ளது. இதற்குக் கட்டணமில்லை. ஒரு நாள் மிகுதியாக இருப்பின், நகருக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள மதீனத்துஸ் ஸஹ்ராவின் இடிபாடுகளையும் காண்க. 1984இல் பெரும்பள்ளியும் 2018இல் ஸஹ்ராவும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. முன்னது பயன்பாட்டில் இருந்தமையால் நிலைத்தது. கைவிடப்பட்ட பின்னது கற்குவியலாயிற்று. இரண்டையும் அடுத்தடுத்துக் காண்பதே ஒரு பாடம்.

2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் இரவு அல்மன்சூரின் பகுதியை ஒட்டிய சிற்றாலயம் ஒன்றில் தீப்பிடித்தது. சில மணி நேரத்தில் தீ அடக்கப்பட்டுப் பள்ளி தப்பியது. அதன் கூரைக்காக அன்றிரவு போராடிய தீயணைப்பு வீரர் அந்நகரத்தவரே. முன்னோர் எழுப்பியதை இன்று காத்து நிற்போர் பிறர் என்பதை உணர்ந்து, நன்றியுடன் அவ்வாயிலில் நுழைவோமாக. முன்சென்றோரின் முடிவைப் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பன்முறை அழைப்பது, பெருமை பேசவோ புலம்பவோ அன்று, படிப்பினை பெறுவதற்கே.