திருச்சிராப்பள்ளி, திருவரங்க வட்டாரத்தில் பெண் வாழ்வைப் பதிந்த நூல்கள்

திருச்சிராப்பள்ளியிலும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத் தீவிலும் பெண்கள் வாழ்ந்த வாழ்க்கையை அறிய ஒரே நூல் போதாது. வைணவ ஆசாரியர்களின் வரலாறுகளும் உரைகளும் ஒரு பக்கம் இருக்கின்றன. கல்வெட்டு, தருமசாத்திரம், சட்டம், தீர்ப்பு என்று சொத்தையும் உரிமையையும் பேசும் பதிவுகள் இன்னொரு பக்கம். குடும்ப வரலாறும் தன்வரலாறும் நாவலும் 20ஆம் நூற்றாண்டில் இவற்றோடு வந்து சேர்ந்தன. சமய நூல் ஒரு பெண்ணின் பக்தியைப் போற்றிவிட்டு அவள் பெயரை விட்டுவிடுகிறது. கல்வெட்டு பெயரையும் கொடையையும் வெட்டி வைத்துவிட்டு, அவள் எப்படி வாழ்ந்தாள் என்பதைச் சொல்லாமல் நின்றுவிடுகிறது. ஆகவே இவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் ஆள் தெரிகிறாள்.

திருவரங்கத்தைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியவை குருபரம்பரை நூல்கள். பின்பழகிய பெருமாள் ஜீயரின் ‘ஆறாயிரப்படி குருபரம்பராப்பிரபாவம்’ ஆழ்வார்கள், ஆசாரியர்களின் வரலாற்றைச் சொல்வது. இந்த மரபின் கதைகளில் ஆசாரியர்களின் மனைவியரும் தாய்மாரும் சீடர்களும் அடிக்கடி வருகிறார்கள். கூரத்தாழ்வான் செல்வத்தையெல்லாம் துறந்து மனைவி ஆண்டாளோடு திருவரங்கத்துக்குக் கிளம்பியபோது, காட்டு வழியில் அந்த அம்மையாருக்கு அச்சம் வந்தது. கணவர் உண்பதற்கென்று அவர் ஒரு பொன்வட்டிலைக் கையோடு எடுத்து வந்திருந்ததே அதற்குக் காரணம். ஆழ்வான் அதை வாங்கி வீசி எறிந்த பிறகே பயணம் தொடர்ந்தது. பராசர பட்டரின் தாய் இந்த ஆண்டாள்தான்.

உறையூர் பொன்னாச்சியின் கதை இதைவிட நுட்பமானது. சோழன் அவையில் மல்லராக இருந்த பிள்ளை உறங்காவில்லி தாசரின் மனைவி அவர். மனைவியின் கண்ணழகில் மயங்கி, வெயில் படாமல் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு தாசர் திருவரங்கத்தில் நடந்ததை இராமானுசர் கண்டார். அரங்கன் கண்களைக் காட்டி அவரை ஆட்கொண்டார். பிறகு மற்றச் சீடர்களுக்குப் பாடம் புகட்ட, உறங்கும் பொன்னாச்சியின் நகைகளைக் கழற்றிவரச் சிலரை அனுப்பினார். ஒரு பக்கத்து நகைகளை அவர்கள் எடுத்துக்கொண்டதும், மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொன்னாச்சி திரும்பிப் படுத்தார். விழித்துக்கொண்டார் என்று அஞ்சி வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். கணவர் இதைக் கேட்டுப் பாராட்டவில்லை. தன்னுடையது என்ற எண்ணம் இருந்ததால்தானே கொடுப்பதற்காகத் திரும்பினாய் என்று கடிந்துகொண்டார்.

பற்றற்ற நிலைக்குச் சான்றாக உபன்னியாசங்களில் இன்றும் இக்கதை சொல்லப்படுகிறது. ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். தருமசாத்திரம் பெண்ணுக்கு ஐயமின்றி ஒப்புக்கொண்ட சொத்து நகைதான். அந்தச் சொத்தின் மீதும் ‘எனது’ என்ற நினைவு கூடாது என்று பக்தி நூல் கேட்கிறது. ஆணிடமும் அது இதையே கேட்கிறது என்பது உண்மை. ஆனால் துறப்பதற்கு வீடும் நிலமும் அரச ஊழியமும் இருந்தவர் துறப்பதும், உடம்பில் கிடக்கும் பொன்னைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் துறப்பதும் ஒரே அளவின அல்ல. கதை அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. அதனால்தான் இதைச் சட்ட நூல்களின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

‘திருக்கோளூர் பெண்பிள்ளை ரகசியம்’ இவ்வகை நூல்களில் தனி இடம் பெற்றது. இராமானுசர் ஊருக்குள் நுழையும் வேளையில் ஊரைவிட்டு வெளியேறும் ஒரு பெண், காரணம் கேட்கப்பட்டபோது 81 வாக்கியங்களில் விடை சொல்கிறாள். அனசூயை, தேவகி, யசோதை எனப் புராண, இதிகாச, ஆசாரிய வரலாறுகள் அவள் நாவில் வரிசையாக வருகின்றன. இவர்களைப் போல எதையும் தான் செய்யவில்லையே என்பது அவள் முறையீடு. அத்தனை கேள்வியறிவு உடைய அவளுடைய பெயர் நூலில் இல்லை.

உரை மரபிலும் பெண் முக்கியமான சான்றாக நிற்கிறாள். திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாசாரியர், ‘ஸ்ரீவசனபூஷணம்’ என்னும் மணிப்பிரவாள நூலின் தொடக்கத்திலேயே இராமாயணம் சிறையிருந்த சீதையின் ஏற்றத்தைச் சொல்வது என்று வரையறுக்கிறார். சரணாகதிக்கு இடம், காலம், ஆசாரத் தூய்மை எதுவும் நிபந்தனை இல்லை என்பதற்குத் தீட்டு நிலையில் கூப்பிட்ட திரௌபதியைச் சான்றாகக் காட்டுகிறார். பெண் உடம்பின் தீட்டைக் காரணம் காட்டி அவளை விலக்கிய காலத்தில், அந்த நிலையையே தகுதிக்கு எடுத்துக்காட்டாக்கியது துணிவான வாதம். அது வீட்டு வழக்கத்தையும் கோயில் வழக்கத்தையும் மாற்றிவிடவில்லை. நம்மாழ்வார் பெண் குரலில் பாடிய பாசுரங்களைக்கூடத் திருவரங்கத்தில் அபிநயித்துப் பாடும் அரையர்கள் ஆண்களே.

கோயில் வரலாறான ‘கோயிலொழுகு’ நிருவாகத்தையும் கொடைகளையும் படையெடுப்புகளையும் சொல்லும் நூல். வி. என். ஹரிராவ் 1961இல் இதன் ஆங்கிலப் பதிப்பை வெளியிட்டார். அரங்கனைத் தேடிவந்த சுல்தானின் மகள் துலுக்க நாச்சியாராக வழிபடப்படும் வரலாற்றுக்கு இக்கோயில் மரபே அடிப்படை.

கல்வெட்டுகள் காட்டும் பெண் வேறு. அரங்கநாதர் கோயிலின் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ வரிசையின் 24ஆம் தொகுதியாக 1982இல் வெளிவந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசியரும் பிராமணப் பெண்களும் தேவரடியார்களும் நந்தாவிளக்குக்குப் பொன்னும் ஆடும் நிலமும் கொடுக்கிறார்கள். பெண் நிலத்தை விற்கும்போதும் கொடுக்கும்போதும் அவள் சார்பில் பேசும் ஆண் காப்பாளன் ‘முதுகண்’ என்று குறிக்கப்படுகிறான். சொத்து அவளுடையது, அதைப் பற்றிப் பேசும் வாய் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு இந்த ஒரு சொல்லில் தெரிகிறது. லெஸ்லி ஓர் 2000இல் வெளியிட்ட ‘டோனர்ஸ், டிவோட்டீஸ் அண்ட் டாட்டர்ஸ் ஆஃப் காட்’ என்ற நூல் தமிழகம் முழுவதும் இத்தகைய கல்வெட்டுகளைச் சேர்த்து ஆராய்ந்தது. கோயில் பெண்டிர் என்றாலே ஆடல் மகளிர் என்ற எண்ணத்தை அது அசைத்தது. முதலாம் இராசராசன் தஞ்சையில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியது விதிவிலக்கு என்றும், பெரும்பாலான கோயில் பெண்டிர் கொடை அளித்தே கோயிலில் தமக்கென ஓர் இடத்தைப் பெற்றனர் என்றும் அவர் காட்டினார்.

நாயக்கர் காலத்தில் திருச்சிராப்பள்ளி தலைநகராக இருந்தது. அரசி மங்கம்மாள் 1689 முதல் பேரன் விசயரங்க சொக்கநாதன் சார்பில் இங்கிருந்து ஆண்டார். ஆர். சத்தியநாத ஐயர் 1924இல் வெளியிட்ட மதுரை நாயக்கர் வரலாறு, ஏசுசபையாரின் கடிதங்களைக் கொண்டு இக்குடும்பத்தின் துயரத்தையும் பதிகிறது. மங்கம்மாளின் மகன் பெரியம்மையில் இறந்தபோது மருமகள் கருவுற்றிருந்தாள். உடன்கட்டை ஏற முனைந்தவளைக் குழந்தை பிறக்கும்வரை பொறுக்கச் செய்தார்கள்; பிறந்தபின் அவள் உயிரை விட்டாள். ஒரே அரண்மனையில் ஆட்சியைக் கையில் எடுத்த கைம்பெண்ணும் வாழ மறுத்த கைம்பெண்ணும் இருந்தார்கள். மங்கம்மாளின் சாலைகளும் சத்திரங்களும் நினைக்கப்படுகிற அளவுக்கு அந்த மருமகள் நினைக்கப்படுவதில்லை.

அடுத்த நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய அரசவையில் திரியம்பகயஜ்வன் சமஸ்கிருதத்தில் ‘ஸ்திரீதர்மபத்ததி’ எழுதினார். விடியலுக்கு முன் எழுவதிலிருந்து இரவு உறங்கும்வரை மனைவி செய்ய வேண்டியதை ஒழுங்குபடுத்தும் நூல் இது. ஜூலியா லெஸ்லி 1989இல் ‘தி பெர்ஃபெக்ட் வைஃப்’ என்ற பெயரில் இதை ஆராய்ந்து வெளியிட்டார். இப்படிப்பட்ட விதி நூலை நடந்த வாழ்க்கையின் பதிவாகப் படிப்பது தவறு. பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இவ்வளவு விரிவாக எழுதவேண்டி வந்ததே, எல்லோரும் அப்படி இருக்கவில்லை என்பதற்கான குறிப்பு.

பிரித்தானிய ஆட்சியில் தருமசாத்திரம் நீதிமன்றத்தில் சட்டமாகப் படிக்கப்பட்டது. குடும்பச் சண்டைகள் தீர்ப்புகளாக அச்சேறின. சிவகங்கை சமீன் வழக்கில், மகன் இல்லாதபோது கணவன் தானே ஈட்டிய சொத்து கூட்டுக் குடும்பத்திலும் கைம்பெண்ணுக்கும் மகளுக்கும் செல்லும் என்று 1863இல் பிரிவி கவுன்சில் தீர்த்தது. வழக்கில் வென்றவர் காத்தம்ம நாச்சியார். தமிழ்நாட்டுச் சமீன் குடும்பங்களின் இத்தகைய வழக்குகளையும், மாறிவந்த குடும்பக் கருத்தையும் மைதிலி சீனிவாஸின் ‘வைவ்ஸ், விடோஸ் அண்ட் காங்குபைன்ஸ்’ (2008) ஆராய்கிறது.

சுயமரியாதை இயக்கம் 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. சட்டம் அதைவிட மெதுவாக நடந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் பங்கை ஆயுள்வரை அனுபவிக்கக் கொடுத்தது. விற்கும் உரிமை வரம்புக்கு உட்பட்டது. விவசாய நிலத்துக்கு அது முதலில் பொருந்தவில்லை. செல்வம் என்றாலே நஞ்சை என்றிருந்த காவிரிக் கரையில் இதனால் எவ்வளவு பலன் இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த அரைகுறை உரிமையை முழு உரிமையாக்கியது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலப் பிறப்புரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைப்படுத்தியது. ஆனால் அந்த நாளுக்கு முன் மணமான மகள்களை விலக்கியது. 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது.

பெண்களே எழுதிய நூல்கள் பெருகியது 20ஆம் நூற்றாண்டில். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தன்வரலாற்றை எழுதினார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்க அவர் தொடங்கிய முயற்சி 1947இல் சட்டமானது. அந்த மரபுக்குள்ளிருந்தே எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் ‘தாசிகள் மோசவலை’ 1936இல் வெளிவந்தது. சட்டம் வந்தபின் அப்பெண்களின் கலையும் வாழ்வும் என்னவாயின என்பதைத் தாவேஷ் சோனேஜியின் ‘அன்ஃபினிஷ்டு ஜெஸ்சர்ஸ்’ (2012) தேடியது. திருச்சிக்கு அருகிலுள்ள விராலிமலையின் முத்துக்கண்ணம்மாள் அதில் பேசுகிறார். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒழிப்பை வேண்டியவரின் நியாயத்தையும், ஆடியவரின் இழப்பையும் ஒருங்கே வைத்துப் படித்தால்தான் இச்சட்டத்தின் வரலாறு நேர்மையாகும்.

திருச்சி மாவட்டம் முசிறியில் பிறந்த ராஜம் கிருஷ்ணன் வேதம், இதிகாசம், வழக்கம் ஆகியவற்றில் பெண்ணின் நிலையை ‘காலந்தோறும் பெண்’ என்ற கட்டுரை நூலில் ஆராய்ந்தார். இளம் வயதில் மணமாகி, கல்லூரிப் படிப்பு இல்லாமல், நேரில் சென்று செய்தி திரட்டி எழுதியவர் அவர். தஞ்சைப் பகுதியில் உழவர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை ‘பாதையில் பதிந்த அடிகள்’ நாவலில் மீட்டெடுத்தார். ‘வேருக்கு நீர்’ அவருக்கு 1973இல் சாகித்திய அகாதமி விருதைப் பெற்றுத் தந்தது.

மைதிலி சிவராமனின் ‘ஃபிராக்மென்ட்ஸ் ஆஃப் எ லைஃப்’ (2006) திருச்சியைச் சார்ந்ததல்ல. எனினும் குடும்ப வரலாறு எழுதுவோருக்கு நல்ல வழிகாட்டி. சிறுவயதில் மணமான தன் பாட்டி சுப்புலட்சுமி விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் துண்டுக் காகிதங்களையும் கொண்டு, குடும்பத்தார் அறியாத ஒரு வாசகியை அந்நூல் வெளிக்கொணர்கிறது. திருவரங்க வீடுகளின் பெட்டிகளிலும் இத்தகைய கடிதங்களும் வரவு செலவுக் குறிப்புகளும் தேடத்தக்கவை.

திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா பருவமடைந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். வீட்டில் மறைத்து வைத்துக் கவிதை எழுதியவர். முஸ்லிம் குடும்பப் பெண்களின் திருமணம், மணவிலக்கு, அடைபட்ட வீடு, அவர்களுக்குள் நடக்கும் பேச்சு ஆகியவற்றை ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) சொல்கிறது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நாவல் வெளிவரும் முன்பே, 2001இல், சல்மா பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார்.