மஜ்ஜையில் கரைந்த நார்கள்

இரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில்தான் உருவாகின்றன என்று கோனிக்ஸ்பெர்க் நகரத்து அறிஞர் எர்ன்ஸ்ட் நியூமன் 1868-இல் எடுத்துரைத்தார். வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோயில் மஜ்ஜையே கெட்டிருப்பதையும் அவரே பின்னர்க் காட்டினார். ஆயினும் நோயுற்ற மஜ்ஜையை அழித்துவிட்டு வேறொருவருடைய மஜ்ஜையை அங்கே குடியேற்றும் மருத்துவம் கைகூட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் இம்மருத்துவத்தின் பலனை அளந்தறிய ஓர் அடையாளம் முன்னரே கிடைத்திருந்தது. 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகிய இருவரும் கண்டறிந்த சிறுத்த குரோமோசோம், 9, 22 ஆகிய எண்களுடைய குரோமோசோம்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் உண்டானது என 1973-இல் ஜேனட் ரௌலி விளக்கினார். ஒத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்ற நான்கு நோயாளிகளிடம் அக்குரோமோசோம் மறைந்துபோனதை, டொனால் தாமஸ் உருவாக்கிய சியாட்டில் குழுவினர் 1979-இல் வெளியிட்டனர்.

இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் எடுக்கும் மெல்லிய எலும்புத்துண்டைச் சீவி நுண்ணோக்கியில் ஆராய்ந்த நோய்க்குறியியலாளர்களுக்கோ வேறொரு வரலாறு புலப்பட்டது. சிகிச்சைக்கு முன் கொழுப்புச் செல்கள் அறவே அற்று, வெள்ளணு முன்னோடிகள் நெருங்கி நிறைந்து, தட்டணுக்களை ஈனும் மெகாகாரியோசைட்டுகள் குறுகிக் காணப்பட்ட மஜ்ஜை, கடும் மருந்துகளுக்கும் கதிர்வீச்சுக்கும் பிறகு நீர் கோத்து வெறுமையாகி, சிதைவுகளை விழுங்கும் செல்கள் மட்டுமே உலவும் இடமாயிற்று. கொடையாளர் செல்கள் செலுத்தப்பட்ட இரண்டு மூன்று வாரங்களில் சிவப்பணு முன்னோடிகளும் வெள்ளணு முன்னோடிகளும் சிறு சிறு தீவுகளாகத் தலைகாட்டின. மெகாகாரியோசைட்டுகள் பெரும்பாலும் தாமதித்தே வந்தன.

இவற்றுள் மிகவும் சிந்திக்கத்தக்கது நார்களின் கதை. வெள்ளிச் சாயமேற்றினால் கருங்கோடுகளாகத் தெரியும் ரெட்டிகுலின் நார்கள் மஜ்ஜையில் மண்டியிருந்தால், அது மீளமுடியாத தழும்பு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மாற்று மஜ்ஜை வேர்கொண்ட சில மாதங்களில் அந்நார்கள் குறைந்து மறைவதைக் கொலோன் நகரில் யூர்கன் தீலே முதலியோரின் ஆய்வுகள் காட்டின. நார்களை நெய்யும் செல்கள் புற்றுநோய்க் குலத்தைச் சேர்ந்தவை அல்ல. அவை நோயாளியின் சொந்தத் தாங்குதிசுவைச் சேர்ந்தவை. நோயுற்ற மெகாகாரியோசைட்டுகள் சுரக்கும் வளர்ச்சிக் காரணிகளின் தூண்டுதலாலேயே அவை நார்களைப் பெருக்குகின்றன. தூண்டுவோர் அகன்றதும் நெசவும் நின்றுவிடுகிறது. மாற்றத்துக்குப் பின்னும் அத்தாங்குதிசு பெரும்பாலும் நோயாளியுடையதாகவே எஞ்சுவதால், கொடையாளரின் இரத்தம் நோயாளியின் பழைய மண்ணிலேயே விளைகிறது எனலாம்.

மருந்தும் கதிரும் மட்டுமே நோயைத் தீர்க்கவில்லை என்பதை மியூனிக்கில் கோல்ப் என்னும் மருத்துவரின் குழுவினர் 1990-இல் உறுதிப்படுத்தினர். நோய் திரும்பிய மூவருக்கு, முன்பு மஜ்ஜை தந்தவர்களுடைய வெள்ளணுக்களையே இன்டர்ஃபெரானுடன் செலுத்தியபோது நோய் மீண்டும் அடங்கியது.

2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப் மாத்திரை வந்தபின், மருந்துக்கு அடங்காதவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்குமே மஜ்ஜை மாற்றம் பெரும்பாலும் நாடப்படுகிறது. எனினும் அம்மாத்திரையால் நோய்க் குலம் ஒடுங்கியவர்கள் பலரின் மஜ்ஜையிலும் நார்கள் குறைந்தன. நார்பெருக்கம் நோயின் விளைவே என மாற்று மஜ்ஜை கற்பித்த பாடம், மஜ்ஜை மாற்றப்படாத நோயாளிகளிடத்தும் மெய்ப்பட்டது.