இரண்டு விசைகளுக்கு நடுவே ஓர் அங்குலம்

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உயர்ந்த ரக இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியை ஆளுக்கு அளவெடுத்துத்தான் செய்தார்கள். கை நீளம், தோள் அகலம், கழுத்து என எல்லாவற்றையும் பார்த்தே கட்டையைச் செதுக்கினார்கள். கட்டையின் நீளத்தை அளக்கத் தொடங்குவது, விரலால் இழுக்கும் இரண்டு விசைகளில் முன் விசையிலிருந்து. ஆகவே விசை நிற்கும் இடம் சரியில்லையென்றால் மற்ற அளவுகளும் கெட்டுப்போகும்.

இந்தத் தொழிலுக்கு ஒழுங்கு தந்தவர்களில் முதன்மையானவர் லண்டனின் ஜோசப் மேன்டன். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பர்டி 1814இல் தனிக்கடை போட்டார். அவர்கள் காலத்து இரட்டைக் குழலில் குழலுக்கு ஒரு விசை. முன் விசை வலக் குழலை வெடிக்கச் செய்யும், பின் விசை இடக் குழலை வெடிக்கச் செய்யும்.

1870களில் குழல் முனையைச் சற்றே ஒடுக்கும் 'சோக்' முறை பரவியதும் இந்த ஏற்பாட்டின் அருமை கூடியது. பெரும்பாலும் வலக் குழலில் ரவைகள் அகலமாகச் சிதறும், இடக் குழலில் நெருக்கமாகப் போகும். பறவை காலடியில் கிளம்பினால் முன் விசை, தொலைவில் பறந்தால் பின் விசை. எந்தக் குழல் வேண்டும் என்பதை அந்த நொடியிலேயே விரல் முடிவு செய்துவிடலாம்.

இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளி இருக்கும். அது குறைந்தால், பின் விசையை இழுக்கும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, முன் விசை விரலின் புறத்தில் இடிக்கும். கூடினால், குட்டை விரல்காரருக்குப் பின் விசையை அழுத்தப் பிடியையே மாற்ற வேண்டிவரும். வளைவில்லாத நேர்க் கட்டையில் கை எளிதாக வழுக்கிப் பின்னால் போகும் என்பதால் ஆங்கிலேயர் அதை விரும்பினார்கள். விரல் காயப்படாமலிருக்க, முன்னோக்கி மடங்கும் கீல் வைத்த முன் விசையையும் செய்தார்கள்.

விசையை நினைத்த இடத்துக்கு நகர்த்திவிட முடியாது. அதன் மேற்பகுதி உள்ளே இருக்கும் சியர் என்ற கொக்கியின் வாலைச் சரியாகத் தூக்கியாக வேண்டும். எனவே அச்சாணியைத் தொடாமல், விரல் படும் நாக்கை மட்டுமே வளைத்தும் அரத்தால் தேய்த்தும் இடைவெளியைச் சரிசெய்வது வழக்கம். வலக்கைக்காரருக்கு முன் நாக்கை லேசாக வலப்பக்கம் சாய்ப்பார்கள். விரல் அதைச் சுற்றிப் பின்னுக்குப் போக அது வசதி.

1894இல் பாஸ் துப்பாக்கி நிறுவனத்தின் ஜான் ராபர்ட்சன், இரண்டு குழல்களையும் வெடிக்கச் செய்யும் ஒற்றை விசைக்குக் காப்புரிமை பெற்றார். முதல் வெடியின் உதைப்பில் விரல் தானாகவே இன்னொரு முறை இழுத்துவிடும். அந்த வீண் இழுப்பையும் கணக்கில் சேர்த்து, மூன்றாவது இழுப்பில்தான் இரண்டாம் குழல் வெடிக்கும்படி அமைத்தார். அபாரமான யோசனை அது.

ஆனாலும் இரட்டை விசை ஒழியவில்லை. நுணுக்கம் குறைவு, பழுதும் குறைவு. ஒரு விசை சிக்கிக்கொண்டாலும் மற்றது வேலை செய்யும். 1960களில் உள்வட்டச் சாலைக்காகப் பர்மிங்காமின் துப்பாக்கிப் பேட்டையில் பெரும்பகுதி இடிக்கப்பட்ட பிறகும் இரட்டை விசைத் துப்பாக்கிகளுக்கு ஆர்டர் நிற்கவில்லை. பர்டி போன்ற லண்டன் நிறுவனங்கள் அவற்றை இன்றும் செய்து தருகின்றன.