உரைகல்லுக்கு எட்டாத ஆழம்

மாம்பூவின் தாது படிந்த கருங்குயில், பொன் உரைத்த கல்லைப் போல இருந்தது என்கிறது குறுந்தொகைப் பாடல் ஒன்று. உரைகல் என்றால் என்ன என்று அந்தப் புலவர் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவரின் பெருமையையும் சிறுமையையும் அளக்கத் திருக்குறளும் அதே கல்லைத்தான் துணைக்கு அழைக்கிறது. சிலப்பதிகாரம் காட்டும் மதுரையில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நான்காகத் தரம் பிரிக்கத் தெரிந்தவர்கள் கொடி கட்டிக் கடை விரித்திருந்தார்கள். பொன் புழங்கிய இடத்தில் எல்லாம் பொன்னைச் சோதிக்கும் தொழிலும் கூடவே வளர்ந்திருக்கிறது.

கல்லின் வேலை எளிமையானது. கருமையான, மணிகள் மிக நுண்ணிய, திராவகம் அரிக்காத கல்லாக இருக்க வேண்டும். அதில் நகையை ஓர் இழுப்பு இழுத்தால் மெல்லிய கோடு ஒட்டிக்கொள்ளும். கோட்டின் நிறம்தான் சாட்சி: செம்பு கலந்தால் சிவப்பு ஏறும், வெள்ளி கலந்தால் வெளிறும். கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் கற்களைப் பற்றிய தன் நூலில் லிடியா நாட்டு ஆற்றில் கிடைத்த உரைகல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம், கலிங்கத்திலும் தபதி ஆற்றிலும் கிடைக்கும் பாசிப்பயறு நிறக் கல்லே சிறந்தது என்கிறது. உரசும்போது நடக்கும் தில்லுமுல்லுகளையும் விடாமல் சொல்கிறது.

ஆனால் கண்ணுக்கு ஒரு குறை உண்டு. இரண்டு நிறங்களைப் பக்கத்தில் வைத்தால் நுட்பமாக வேறுபடுத்தும். நேற்றுப் பார்த்த நிறத்தை இன்று நினைவிலிருந்து எடுத்து ஒப்பிடச் சொன்னால் தடுமாறும். அதனால் தரம் தெரிந்த பொன்னை நுனியில் பதித்த ஊசிகள் உருவாயின. தமிழில் அதற்கு உரையாணி என்று பெயர். சோதிக்க வந்த நகையை ஒரு கோடும், ஆணியை அதன் அருகே இன்னொரு கோடும் இழுத்து, எது எதோடு ஒத்துப்போகிறது என்று பார்ப்பார்கள். 1556இல் வெளிவந்த ஜியார்ஜியஸ் அக்ரிகோலாவின் உலோகவியல் நூல் 24 ஊசிகள் கொண்ட வரிசையை விவரிக்கிறது. அதே நூற்றாண்டில் அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசலும் அயினி அக்பரியில் இந்த ஊசிமுறையைப் பதிவுசெய்திருக்கிறார்.

அவர் தரும் ஒரு தகவல் சுவையானது. தக்காணத்தில் புழங்கிய ஹூன் என்னும் பொற்காசை முன்பெல்லாம் பத்து மாற்று என்னும் தரமுள்ள தூய பொன்னாகவே கருதினார்களாம். அக்பரின் நாணயச்சாலை சோதித்து அதை எட்டரைக்கு இறக்கிவிட்டது. காசில் இருந்த பொன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பொன்தான் மாறியிருந்தது.

இந்த ஒப்பீட்டின் அருமையைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பார்க்கலாம். முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் கொடுத்த நகைகளை அவை பட்டியலிடும் விதம் ஒரு கணக்காயரின் விதம். பொன்னை நிறுத்தது 'ஆடவல்லான்' என்னும் கல்லால்; மணிகளை நிறுத்தது 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லால். எடையில் அரக்கும் சரடும் சேர்ந்திருக்கின்றனவா என்பது வரை குறிப்பு உண்டு. முத்துகளில் வட்டம் எத்தனை, அனுவட்டம் எத்தனை, சப்பட்டை எத்தனை என்று தனித்தனி எண்ணிக்கை. பொன்னின் தரத்தைச் சொல்லும்போது 'தண்டவாணி' என்ற அளவுகோலை வைத்து, அதற்கு இத்தனை மாற்றுக் குறைவு என்று எழுதும் வழக்கும் இருந்தது. கொடுத்தவர் அரசனே ஆனாலும் பொன் உரசிப் பார்க்கப்பட்டது.

கல்லுக்கும் கண்ணுக்கும் எட்டாத இடம் ஒன்று இருந்தது: நகையின் உட்புறம். உரசினால் ஒட்டுவது மேல்தோல் மட்டுமே. செம்பு கலந்த பொன்னை உப்பு, புளி, படிகாரம் சேர்ந்த கரைசலில் காய்ச்சினால் மேற்பரப்பில் உள்ள செம்பு கரைந்து, வெளியே தூய பொன் மட்டும் மிஞ்சும். நிறமேற்றும் வேலைக்கு உதவிய இந்தக் கைவினை ஏமாற்றும் வேலைக்கும் உதவியது. தென்னமெரிக்காவின் பழங்குடிப் பொற்கொல்லர்கள் இதையே ஒரு கலையாக வளர்த்து, செம்பு மிகுந்த கலவையையும் பளபளக்கும் பொன்னாகக் காட்டினார்கள். அனுபவமுள்ள சோதனையாளர் முதலில் அரத்தால் ஓர் ஓரத்தை ராவிவிட்டு, பிறகுதான் கல்லில் இழுப்பார். அரம் போகாத ஆழத்தில் என்ன இருக்கிறது என்பதை அவராலும் சொல்ல முடியாது.

அந்த ஆழத்துக்குப் போனது நெருப்பு. நகையின் ஒரு துளியை அழித்தே அதன் உண்மையைச் சொல்லும் முறை இது. நகையிலிருந்து சுரண்டிய சுமார் கால் கிராம் பொன்னை நுண்தராசில் நிறுத்து, இரண்டு முதல் மூன்று மடங்கு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் பொட்டலம் கட்டுவார்கள். எலும்புச் சாம்பலில் செய்த சிறு கிண்ணத்தில் வைத்து 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் ஈயம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகும். செம்பு முதலிய உலோகங்களையும் இழுத்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறிப்போகும். பொன்னும் வெள்ளியும் சேர்ந்த ஒரு மணி மிஞ்சும்.

அந்த மணியைத் தட்டித் தகடாக்கிச் சுருட்டி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்தால் வெள்ளி கரைந்துவிடும். இருந்த வெள்ளி போதாதென்று தொடக்கத்தில் மேலும் வெள்ளி சேர்த்ததன் காரணம் இங்கேதான் விளங்கும். பொன் மிகுந்திருந்தால் அமிலம் உள்ளே நுழைய வழி கிடைக்காது. கடைசியில் மிஞ்சும் பழுப்புச் சுருளைக் காய்ச்சினால் பொன்னிறம் திரும்பும். அதை மறுபடி நிறுத்தால் விடை கிடைத்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பிழையோடு தரம் சொல்ல இந்த முறையால் முடியும்.

நெருப்புக்கும் ஒப்பிட ஒரு பொன் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் பொன், வெள்ளிப் பொருட்களின் தரத்துக்கு 1300இல் முதலாம் எட்வர்டு சட்டம் போட்டார். 1478 முதல் பொற்கொல்லர்கள் தங்கள் பொருட்களை லண்டனில் உள்ள சங்கக் கட்டடத்துக்கே, அதாவது 'ஹாலுக்கே', கொண்டுவந்து முத்திரை வாங்கினார்கள். ஹால்மார்க் பிறந்தது அப்படித்தான். அரசு நாணயங்களையும் ஒரு நடுவர் குழு அவ்வப்போது சோதித்தது. 1710இல் நடந்த சோதனையில் பொற்காசுகளின் தரம் குறைவு என்று தீர்ப்பு வந்தது. நாணயச்சாலையின் தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன். அவர் விடவில்லை. ஒப்பிட வைத்திருந்த 1707ஆம் ஆண்டுத் தகடுதான் தேவைக்கு மேல் தூயது, காசில் பழுதில்லை என்று வாதாடினார்.

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் இருபதாம் நூற்றாண்டின் பெரிய தலைவலி பற்றவைப்பு. சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் பொடியில் பொன் குறைவாக இருந்தால், உரசிய இடத்தில் தரம் சரியாகவே காட்டும், உருக்கினால் இறங்கிவிடும். இதற்குத் தீர்வாக வந்தது 92 பங்கு பொன்னும் 8 பங்கு காட்மியமும் சேர்ந்த கலவை. 'கே.டி.எம். நகை' என்ற விளம்பரங்கள் பலருக்கு நினைவிருக்கும். உருகும்போது எழும் காட்மியப் புகை பட்டறைத் தொழிலாளியின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் அது ஓரங்கட்டப்பட்டது.

இப்போது கடை மேசையில் இருந்து பொன்னைச் சோதிக்கும் பெட்டியின் வேர் 1913இல் இருக்கிறது. தூண்டப்படும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிரை வெளியிடுகிறது, அது அணு எண்ணோடு ஒழுங்காக ஏறுகிறது என்று அந்த ஆண்டில் காட்டினார் ஆங்கில இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லி. இரண்டே ஆண்டுகளில், 27 வயதில், கலிபோலிப் போர்க்களத்தில் அவர் இறந்தார். அவர் கண்ட விதியை வைத்துத்தான் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் நகையைச் சுரண்டாமல், சில நொடிகளில், பொன், வெள்ளி, செம்பு எத்தனை விழுக்காடு என்று திரையில் காட்டுகிறது.

வேகம் கூடியது, ஆழம் கூடவில்லை. பொன்னுக்குள்ளிருந்து தப்பி வெளியே வரும் கதிர் மேற்பரப்பின் சில மைக்ரான்களிலிருந்து வருவது. மிஞ்சிப்போனால் சில பத்து மைக்ரான்கள், ஒரு தலைமுடியின் கனத்துக்கும் குறைவு. கனமாக முலாம் பூசிய நகை இயந்திரத்தையும் ஏமாற்றும். எடையையும் பருமனையும் வைத்து அடர்த்தி பார்க்கலாம் என்றால், டங்ஸ்டனின் அடர்த்தி பொன்னின் அடர்த்திக்கு மிக அருகில் நிற்கிறது.

நெருப்பும் எல்லாவற்றையும் பிடித்துவிடுவதில்லை. கலப்படத்துக்குப் பயன்படும் இரிடியம் ஈயத்தோடு போகாது, நைட்ரிக் அமிலத்திலும் கரையாது; கடைசிச் சுருளில் தங்கிப் பொன்னின் எடையாகவே கணக்கில் ஏறிவிடும். மேற்பரப்பில் இரிடியம் இருந்தால் எக்ஸ்.ஆர்.எஃப். உடனே சொல்லிவிடும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் தரத் தொடங்கியது 2000இல். 2021 ஜூன் 16 முதல் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் அது கட்டாயமானது. அடுத்த மாதம் ஒவ்வொரு நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண் வந்தது. 22 காரட் நகையில் காணும் 916, இருபத்து நான்கில் இருபத்திரண்டு பங்கு என்பதன் ஆயிரக் கணக்கு. முத்திரை மையத்துக்கு வரும் நகைகள் முதலில் எக்ஸ் கதிரின் கீழ் போகின்றன. பிறகு தேர்ந்தெடுத்தவற்றில் சிறிது சுரண்டி உலைக்கு அனுப்புகிறார்கள். நகைக்கடன் கொடுக்கும் வங்கிகளில் மதிப்பீட்டாளரின் மேசையில் உரைகல்லும் திராவகப் புட்டியும் இன்னும் இருக்கின்றன. எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கத் தரம் தெரிந்த பொன் துண்டுகளை அதன் முன் வைக்கிறார்கள். அந்தத் துண்டுகளின் தரத்தை உறுதிசெய்யப் பெரும்பாலும் ஈயமும் உலையும் கொண்ட பழைய முறையையே நாடுகிறார்கள்.