கடனும் சாராயமும் உபதேசியாரும்: மாத்தளைத் தோட்டங்களின் சமயப் பணி

மாத்தளைக்குத் தெற்கே, சுது கங்கைப் பள்ளத்தாக்கில் உள்ள ஊர் உக்குவளை. 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு இரயில் வந்தபோது இதற்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ஆனால் இந்தப் பக்கத்து மலைகளில் கோப்பி அதற்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியிருந்தது. கோப்பித் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், தம்புள்ளை வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

வந்தவர் தோளில் முதல் நாளே கடன் ஏறியிருந்தது. ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணி ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் பெயரில் எழுதப்பட்டன. ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததால், ஆளை விட அவருக்கு மனம் வராது. வேறு தோட்டம் போக வேண்டுமானால் ‘துண்டு’ என்ற கடன் சீட்டு வேண்டும். புதிய தோட்டத்துத் துரை பழைய கடனைக் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொல்லாமல் வேலையை விட்டுப் போனவரைச் சிறையில் அடைக்கவும் முடிந்தது. இத்தனைக்கும் நடுவில் தவறணை என்ற சாராயக் கடை திறந்திருந்தது. சாராயக் குத்தகை அரசாங்கத்துக்குப் பெரிய வருமானம். சம்பள நாளில் கையில் வந்த சில்லறையைக் கொண்டுபோவதற்கு அதைவிட வசதியான இடம் இல்லை. குடி அங்கே தனிமனிதரின் பலவீனம் மட்டுமல்ல. அதில் இலாபம் பார்த்தவர்கள் பலர்.

இந்தச் சூழலில்தான் 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. தோட்டத் துரைமார் பணம் தர, சர்ச் மிஷனரி சங்கம் பாதிரிமாரைத் தந்தது. திருநெல்வேலியில் பணியாற்றிய செப்டிமஸ் ஹாப்ஸ் முதல் பொறுப்பாளர்களில் ஒருவர். உண்மையில் மலையேறி இறங்கி வேலை செய்தவர்கள் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்த உபதேசியார்கள், அதாவது பாதிரிமாருக்குத் துணைநின்ற போதகர்கள். அவர்களில் பலர் பனைமரத்தை நம்பி வாழ்ந்த சமூகத்திலிருந்து வந்தவர்கள். கள்ளும் கடனும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரட்டு என்ற காலை ஆள்கணக்கு கலைந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு உபதேசியாருக்குப் பேச ஆள் கிடைப்பது அரிது. ஆகவே மாலையில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் அடுப்புப் புகை எழும்பும் நேரத்தில், அவர் வந்து உட்காருவார். வேதப் பகுதி ஒன்றை வாசித்து, சோதனையில் விழுவது எப்படி, மனந்திரும்புவது எப்படி என்று ஊர்ப் பேச்சிலேயே விளக்குவார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் அக்காலச் சபைகளில் நன்கு பழகியவை. பாட்டுக்கு வந்து நின்றவர் பேச்சையும் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றவர் குடியை விட வேண்டும் என்று சபை எதிர்பார்த்தது. விட்ட வீட்டில் அரிசி மிஞ்சியது, பிள்ளைகள் எழுத்தறிந்தனர். மாரியம்மனை வணங்கிய பெரும்பான்மையினர் தங்கள் வழியிலேயே நின்றார்கள் என்பதும் இங்கே சொல்லப்பட வேண்டும்.

உபதேசியார் பேசிய விடுதலைக்கு ஓர் எல்லை இருந்தது. பாவத்தின் பிடியைப் பற்றி அவர் தாராளமாகப் பேசலாம். கங்காணியின் கணக்கைப் பற்றிப் பேசுவது கடினம், ஏனென்றால் மிஷனின் பணமே துரைமாரிடமிருந்து வந்தது. இது அந்த உபதேசியார்களின் குற்றமல்ல. ஆயினும் இந்தப் பணியின் மிகப் பெரிய குறை இதுவே.

கோப்பியை 1869இல் பிடித்த இலைநோய் அந்தத் தொழிலையே அழித்தது. மாத்தளைப் பக்கத்தில் தேயிலை, கொக்கோ, இறப்பர் என்று பயிர்கள் மாறின, கடன் மாறவில்லை. 1912இல் புதிய கலால் ஏற்பாட்டின் கீழ்த் தவறணைகள் பெருகியபோது, நாட்டில் எழுந்த மதுவிலக்கு இயக்கத்தில் பௌத்தரும் கிறிஸ்தவரும் சேர்ந்து நின்றார்கள். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டபோது தோட்டச் சபைகளும் மெலிந்தன. மலையகத்தில் இன்று பெந்தெகொஸ்தே சபைகளின் வீட்டு ஜெபக்கூட்டங்களிலும் சாட்சி சொல்பவர்கள் பலர் பேசுவது குடியை விட்ட கதையைத்தான்.